படிக்கிற பிள்ளைக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்: தலைமையாசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு பெற்றோர். எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். எங்கள் பள்ளித் தலைமையாசிரியருக்கு மட்டும் எழுதினால் அது தனிப்பட்ட புகாராகிவிடும். அவர்மேல் எனக்கு ஒரு புகாரும் இல்லை. நான் சொல்லப்போவது ஏறக்குறைய எல்லாப் பள்ளிக்கும் பொருந்தும் என்பதால் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது 20 உறுப்பினர்கள், அதில் 15 பேர் பெற்றோர் என்று கணக்கு. 2024-ல் மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்து 24 ஆக்கினார்கள். நல்ல காரியம்தான். தலைமையாசிரியருக்கு இடம் உண்டு, ஆசிரியருக்கு உண்டு, உள்ளாட்சி உறுப்பினருக்கு உண்டு. எப்போதோ படித்துவிட்டு இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறவருக்கும் நாற்காலி உண்டு. அதே கட்டடத்தில் இன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு மட்டும் கிடையாது.

சட்டத்தில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்வி உரிமைச் சட்டத்துக்காக மத்திய அரசு 2010-ல் வெளியிட்ட மாதிரி விதிகளைப் பாருங்கள். குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மீதிக் கால் பங்கை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதி உள்ளாட்சிக்கு, ஒரு பகுதி ஆசிரியர்களுக்கு, மூன்றாவது பகுதி உள்ளூர்க் கல்வியாளர்களுக்கு அல்லது அந்தப் பள்ளியில் படிக்கும் குழந்தைகளுக்கு என்று அதில் இருக்கிறது. யாரை எடுப்பது என்பதைப் பெற்றோர் உறுப்பினர்கள் முடிவு செய்யலாம். அதாவது, பிள்ளைகள் அந்த அறைக்குள் உட்காரலாம் என்பதை டெல்லியிலேயே யோசித்துவிட்டார்கள். அப்புறம் நடைமுறைக்கு வரும்போது கல்வியாளர் வந்தார், புரவலர் வந்தார், பிள்ளை வரவில்லை. ஐ.நா.வின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கையிலும் 12-வது பிரிவு இதையேதான் சொல்கிறது: தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பும் தர வேண்டும். இந்தியா அதை 1992-ல் ஏற்றுக்கொண்டது. இப்போது நம் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருக்கும் பலர் அப்போது அரை டிராயரோடு படித்துக்கொண்டிருந்திருப்பீர்கள்.

சரி, மாணவர் தலைமை என்று நம்மிடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. வகுப்புக்கு ஒரு லீடர். அவர் என்ன செய்கிறார் என்று நம் எல்லோருக்கும் தெரியும். ஆசிரியர் வெளியே போனால் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகையின் ஓரத்தில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவார். மறுபடி பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. மூன்று குறி சேர்ந்தால் அடி நிச்சயம். நெல்லிக்காயோ கடலை மிட்டாயோ கை மாறினால் பெயர் அழிந்துவிடும். லீடருக்குப் பிடிக்காத பிள்ளை வாயே திறக்கவில்லை என்றாலும் பெயர் ஏறிவிடும். சில வகுப்புகளில் லீடர் கையில் பிரம்பையும் கொடுத்துவிடுகிறார்கள். உடல்ரீதியான தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு தடை செய்கிறது. ஆசிரியர் அடிக்கக் கூடாது என்றால் ஆசிரியரின் சார்பில் பன்னிரண்டு வயதுப் பையன் அடிக்கலாம் என்று எந்த விதியிலும் இல்லை.

அதற்கு மேலே பள்ளி மாணவத் தலைவர். காலை வழிபாட்டில் கட்டளை கொடுப்பார், உறுதிமொழி சொல்லித் தருவார், விழா என்றால் வரவேற்புரை படிப்பார். பெண் பிள்ளைகள் என்றால் வாசலில் சந்தனம், கல்கண்டு, பன்னீர்ச் செம்போடு நிற்க வேண்டும். பையன்கள் என்றால் பெஞ்ச் தூக்க வேண்டும், சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தால் அவர் வரும் வரை வெயிலில் வரிசை கலையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வருகைப் பதிவேட்டை அலுவலகத்துக்கு எடுத்துப் போவதும், ஆசிரியர் அறைக்கு டீ வாங்கி வருவதும்கூட இந்தக் கணக்கில்தான் வருகிறது. வேலை செய்யப் பிள்ளைகள் தயங்குவதில்லை, சந்தோஷமாகவே செய்கிறார்கள். ஆனால் இவை எல்லாமே பெரியவர்கள் சொன்னதைச் சின்னவர்களுக்குக் கொண்டுபோகும் வேலைகள். கீழேயிருந்து ஒரு சொல்லை மேலே கொண்டுபோகிற வேலை ஒன்றுகூட இதில் கிடையாது.

2024-ல் மகிழ் முற்றம் என்ற மாணவர் குழுத் திட்டம் வந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்கள். தனியார் பள்ளிகளில் சிவப்பு, நீலம் என்று 'ஹவுஸ்' பிரிப்பதை ஏக்கத்தோடு பார்த்த பிள்ளைகளுக்கு அதில் கொண்டாட்டம்தான், எனக்கும் பிடித்திருந்தது. இருந்தாலும், பெரியவர்கள் எதற்குப் புள்ளி என்று முடிவு செய்து, பிள்ளைகள் அந்தப் புள்ளிக்காக ஓடுகிற வரை அது போட்டிதான். குரல் வேறு. ஐந்து குழுக்கள் ஏற்கெனவே இருப்பதால் வேலை பாதி முடிந்தது என்றும் சொல்லலாம். அந்த ஐந்து குழுக்களும் மாதம் ஒருமுறை உட்கார்ந்து 'பள்ளியில் இந்த மாதம் எது சரியில்லை' என்று பேசட்டுமே.

பிள்ளைகளைக் கேட்டால் என்ன பெரிதாகச் சொல்லிவிடப் போகிறார்கள் என்று நினைப்பவர்களுக்காக எங்கள் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். பெண் பிள்ளைகளின் கழிப்பறை பற்றி ஒரு மாதக் கூட்டத்தில் பேச்சு வந்தது. டைல்ஸ் பெயர்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும் என்று ஒருவர். சுவருக்கு வெள்ளையடித்து விழிப்புணர்வு ஓவியம் வரையலாம் என்று இன்னொருவர். நன்கொடைக்கு யாரைப் பார்ப்பது என்று அரை மணி நேரம். தீர்மானம் எழுதிப் பெற்றோர் செயலியிலும் ஏற்றியாகிவிட்டது. வீட்டுக்கு வந்து, எட்டாம் வகுப்பு படிக்கும் மகளிடம் சொன்னேன். 'டைல்ஸ் கிடக்கட்டும்ப்பா, மூணு கதவுல ரெண்டுக்குத் தாழ்ப்பாள் இல்ல. ஒருத்தி உள்ள போனா இன்னொருத்தி வெளிய நின்னு கதவைப் பிடிச்சுக்கணும். அவளுக்குப் பெல் அடிச்சிடுச்சுன்னா ஓடிடுவா' என்றாள். மாதவிடாய் நாட்களில் நாப்கினை எங்கே வைப்பது என்று தெரியாமல், சுவரில் ஓர் ஆணிகூட இல்லாமல், பையைத் தோழியின் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதனால் பாதிப் பேர் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. தாழ்ப்பாள் என்ன விலை? ஹார்டுவேர் கடையில் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மறுநாளே போட்டாயிற்று. அந்தக் கூட்டத்தில் இருந்த பெரியவர்கள் யாருமே அந்தக் கழிப்பறைக்குள் போனவர்கள் இல்லை, ஆசிரியைகள் உட்பட. ஆசிரியைகளுக்குத் தனிக் கழிப்பறை, அதற்குத் தனிச் சாவி.

இதைத்தான் மாணவர் குரல் என்கிறேன். புரட்சி ஒன்றும் இல்லை. குழாயில் தண்ணீர் எந்த நேரத்தில் நிற்கிறது, சத்துணவில் எந்த நாள் சோறு குழைந்துவிடுகிறது, சைக்கிள் நிறுத்துமிடத்தில் யார் காற்றைப் பிடுங்குகிறார்கள், நூலக அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது, பி.டி. பீரியட் எத்தனை வாரமாகக் கணக்கு வகுப்பாகவே நடக்கிறது என்பதெல்லாம் பிள்ளைகளுக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். ஆனால் ஒருத்தி எழுந்து 'டீச்சர், எங்களுக்கு விளையாட்டுப் பீரியடே வரலை' என்றால் அதற்கு நம்மிடம் தயாராக ஒரு பெயர் இருக்கிறது: எதிர்த்துப் பேசுறா. அடுத்த வாக்கியம் பெரும்பாலும் டி.சி.யைப் பற்றியதாக இருக்கும்.

பிள்ளைகள் புகாரை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்க வேண்டியதுதான், அதில் மாற்றுக் கருத்து இல்லை. 14417, 1098 உதவி எண்களைச் சுவரில் எழுதிப் போட்டிருப்பதும் மிக அவசியம். அவை ஆபத்தில் இருக்கிற குழந்தைக்கானவை, ரகசியமாக இருக்க வேண்டியவை. அந்தப் பெட்டியில் தாழ்ப்பாள் கதையையும் போடச் சொன்னால் இரண்டு வேலையும் கெட்டுப்போகும். தாழ்ப்பாளை வெளிப்படையாகக் கேட்கவும், வெளிப்படையாகப் பதில் வாங்கவும் ஓர் இடம் தனியாக வேண்டும்.

இனி ஆட்சேபணைகள். நேரமில்லை என்பது முதல் ஆட்சேபணை. உண்மைதான். எமிஸ் என்ற பள்ளித் தகவல் இணையதளப் பதிவேற்றமே உங்கள் நாளில் பாதியைத் தின்றுவிடுகிறது, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் நீங்கள்தான். (ஆசிரியர் குரலை யார் கேட்கிறார்கள் என்று ஓர் ஆசிரியர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்கு வேறொரு மடலே எழுத வேண்டும்.) நான் கேட்பது மாதத்தில் ஒரு பீரியட்.

அரசியல் புகுந்துவிடும் என்பது இரண்டாவது. பக்கத்தில் கேரளத்தில் பள்ளிப் பாராளுமன்றத் தேர்தல் என்று வருஷா வருஷம் நடத்துகிறார்கள். வேட்புமனு, பிரச்சாரம், வாக்குப் பதிவு, பதவியேற்பு எல்லாம் உண்டு. அதனால் அங்கே படிப்பு கெட்டுவிட்டதாக யாரும் சொல்லவில்லை. நம் ஊருக்கும் மாணவர் தலைமை புதிதல்ல. 1965 ஜனவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை நடத்தியவர்கள் மாணவர்கள். 2017-ல் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக உட்கார்ந்தவர்களில் பெரும்பகுதி மாணவர்கள். அதையெல்லாம் மேடையில் பெருமையாகச் சொல்லிவிட்டு, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தண்ணீர்த் தொட்டியை ஏன் கழுவவில்லை என்று கேட்டால் பதறுவது எனக்குப் புரியவில்லை.

மூன்றாவது ஆட்சேபணையை யாரும் மேடையில் சொல்ல மாட்டார்கள், தனியாக டீக்கடையில்தான் சொல்வார்கள். தேர்தல் வைத்தால் சாதி பார்த்துத்தான் ஓட்டுப் போடுவார்கள். இதை நான் லேசாகத் தள்ளமாட்டேன். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பிளஸ் டூ மாணவனையும் அவன் தங்கையையும் அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது, வகுப்பில் பெயரின் அகர வரிசைப்படி உட்கார வைக்க வேண்டும் என்றெல்லாம் அது பரிந்துரைத்தது. கயிற்றின் நிறத்தை வைத்து ஆளை அடையாளம் காண்கிற ஒரு வகுப்பறையில் ஓட்டுப் பெட்டியை வைத்தால் எண்ணிக்கையில் அதிகம் உள்ள சாதியின் பையன் ஜெயிப்பான். தோற்றவர்களுக்கு அது இன்னோர் அவமானம். ஆசிரியரே தேர்ந்தெடுப்பதும் இதற்கு மருந்தல்ல. அவர் யாரைத் தேர்ந்தெடுத்தாலும் ஏன் அவனை என்ற கேள்வி பிள்ளைகளிடம் இருக்கும், வாய் திறந்து கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். முதல் ரேங்க் எடுக்கிற பிள்ளை, உயரமான பையன், ஆசிரியரின் தெருக்காரர் வீட்டுப் பெண் என்று அதுவும் ஒரு வட்டத்துக்குள்ளேயே சுற்றுகிறது.

இதற்கு வழி நம் சமூக அறிவியல் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. குடவோலை. பிள்ளைகளுக்கு அதை ஐந்து மதிப்பெண் கேள்வியாகக் கொடுத்து, காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூர், முதலாம் பராந்தகன், கி.பி. 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகள் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறோம். அதோடு மறந்துவிடுகிறோம். அந்தக் கல்வெட்டை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். ஊரில் 30 குடும்புகள், அதாவது வார்டுகள். குடும்புவாரியாகத் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். பதவி ஒரு வருஷம். கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. கணக்குக் காட்டாமல் போனவர் மட்டுமல்ல, அவருடைய உறவினர்களும் நிற்க முடியாது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம். இதில் பெருமைப்பட முடியாத பகுதியும் உண்டு: அது பிராமணர்களின் ஊர்ச் சபை, நிலம் வைத்திருந்த ஆண்களுக்கு மட்டுமானது, 35 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு இடமில்லை. பெண்களையும் உழைத்தவர்களையும் அந்தக் குடம் அறியாது. அதை அப்படியே எடுத்து வைக்கச் சொல்லவில்லை. ஆள் பலமும் பண பலமும் தேர்வுக்குள் நுழையாமல் தடுத்த அந்த முறையை மட்டும் எடுத்துக்கொண்டு, வகுப்பில் உள்ள எல்லாப் பெயரையும் குடத்தில் போடுங்கள்.

இப்படிச் செய்தால் என்ன நடக்கும்? கடைசி பெஞ்ச் பையன் பெயர் வரும். வாயே திறக்காத பிள்ளை பெயர் வரும். இரண்டு கிலோமீட்டர் நடந்து வருகிற, அதனால் தினமும் பத்து நிமிஷம் தாமதமாக வந்து வெளியே நிற்கிற பெண்ணின் பெயர் வரும். சக்கர நாற்காலியில் வரும் மாணவன் பெயரும் வரும், அப்போதுதான் சாய்தளத்தின் முனையில் உடைந்திருக்கும் சிமென்ட் பற்றிக் கூட்டத்தில் பேச்சு வரும். இவர்களில் சிலர் சரியாகச் செய்ய மாட்டார்கள். இருக்கட்டும், ஒரு பருவம்தானே. அடுத்த பருவம் வேறு ஓலை.

அவர்களுக்கு வேலையும் உண்மையானதாக இருக்க வேண்டும். தண்ணீருக்கு இரண்டு பேர், கழிப்பறைக்கு இரண்டு பேர் (கட்டாயம் பெண் பிள்ளைகளும்), நூலகத்துக்கு, விளையாட்டுக்கு, சத்துணவுக்கு. கழிப்பறைக்கு ஆள் போடுகிறேன் என்றதும் யாரும் விளக்குமாற்றைக் கையில் கொடுத்துவிடக் கூடாது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருக்கிறது. அவர்கள் வேலை பார்ப்பதும் கேட்பதும் எழுதுவதும்தான். சுத்தம் செய்வதற்குச் சம்பளத்துக்கு ஆள் போட வேண்டியது நம் பொறுப்பு.

கொஞ்சம் பணமும் அவர்கள் கைக்குப் போகட்டும். ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கைக்கு ஏற்ப வருகிறது. அதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்பது விதி. 50,000 ரூபாய் வருகிற பள்ளி என்றால் 5,000. அந்த 5,000-ல் எதை முதலில் செய்வது என்பதைப் பிள்ளைகள் பேசி முடிவு செய்யட்டும். ரசீதைப் பார்க்கட்டும், கணக்கை எழுதிப் பிரேயரில் படிக்கட்டும். பினாயில் என்ன விலை, பிளம்பர் கூலி எவ்வளவு, 5,000 ரூபாய் எவ்வளவு சீக்கிரம் கரைந்துவிடுகிறது என்று தெரிந்தால் உங்கள் கஷ்டமும் அவர்களுக்குப் புரியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் பதில். பிள்ளைகள் கேட்டதை ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் உங்கள் பதிலை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஆகும் என்றால் எப்போது. ஆகாது என்றால் ஏன். 'சுற்றுச்சுவர் பொதுப்பணித் துறை கட்ட வேண்டியது, கடிதம் எழுதியிருக்கிறேன், பதில் வரவில்லை' என்பதும் பதில்தான். அதைப் படிக்கிற பத்தாம் வகுப்புப் பையனுக்கு அரசாங்கம் எப்படி நடக்கிறது, எங்கே நிற்கிறது என்று குடிமையியல் பாடத்தைவிட அதிகமாகவே தெரிந்துவிடும். பதிலே வராத இடத்தில் பிள்ளைகள் இரண்டாவது முறை கேட்க மாட்டார்கள். அப்புறம் கேட்டால் 'ஒரு குறையும் இல்ல சார்' என்பார்கள், நாமும் அதை அப்படியே கூட்டக் குறிப்பில் எழுதிக்கொள்வோம்.

பள்ளிக் கல்வித் துறைக்கும் ஒரு வார்த்தை. இதை வாசிக்கிற அதிகாரிகள் யாராவது இருந்தால், அடுத்த முறை மேலாண்மைக் குழுக்களை அமைக்கும் அரசாணையில் படிக்கும் மாணவர்கள் இருவருக்கு இடம் என்று ஒரு வரி சேருங்கள். அதுவரை தலைமையாசிரியர்கள் காத்திருக்கத் தேவையில்லை. சிறப்பு அழைப்பாளர் என்று கூப்பிட்டு உட்கார வைக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை.

அடுத்த மாதக் கூட்டத்துக்கே தொடங்கலாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து சீட்டுக் குலுக்கி இரண்டு பேர், ஒரு பெண், ஒரு பையன். தனியாக ஒருவரைக் கூப்பிட்டால் பயந்துபோய் உட்கார்ந்திருப்பார்கள். ஏதாவது ஒரு பிள்ளையின் தனிப்பட்ட பிரச்சினை பேச்சில் வந்தால் அந்த நேரம் மட்டும் இவர்களை வெளியே அனுப்பிவிடுங்கள். முதல் கூட்டத்தில் பேச மாட்டார்கள், பரவாயில்லை. யாரும் 'சொல்லும்மா, பயப்படாம சொல்லு' என்று சுற்றி நின்று கேட்க வேண்டாம். கூட்டத்துக்கு முந்தின நாளே அவர்கள் வகுப்பில் கேட்டு எழுதி வந்ததை வாசிக்கச் சொன்னால் போதும், அதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வைத்தால் அதற்குள் டீ வந்துவிடும், எல்லோரும் எழுந்துவிடுவோம்.

அப்புறம், அவர்கள் எழுதி வந்ததை முன்கூட்டி வாங்கித் திருத்தாதீர்கள். எழுத்துப் பிழை இருந்தால் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்